மறுநாள் உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி இருந்தும் பொய் வாக்குமூலங்கள் ஏன்?

மாலதி: 1252-இல் போப் நான்காம் இன்னொசென்ட் திருச்சபைக் கொள்கைக்கு எதிரானவர்கள் என்று பிடிபட்டவர்களை விசாரிக்க வடஇத்தாலிய நகர ஆட்சியாளர்களுக்குச் சித்திரவதை அனுமதி தந்தபோது, உறுப்பு சிதையக் கூடாது, உயிர் போகக் கூடாது என்று வரம்பும் விதித்தாராம். வலியில் சொன்னதைக் கைதி பிறகு வேறிடத்தில் தானாக உறுதி செய்யவும் வேண்டுமாம். இவ்வளவு இருந்தும் பொய் வாக்குமூலங்கள் எப்படிக் குவிந்தன?

ஏட்டுப்புழு: டெம்ப்ளர்கள் என்ற கிறித்தவப் போர்வீரத் துறவிகள்மேல் மதத்துரோகக் குற்றம் சாட்டி நடந்த வழக்கின் வாக்குமூலங்களை நான் பல வருஷமாகப் படித்து வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது. மறுநாள் "அது பொய், வலி தாங்காமல் சொன்னேன்" என்றால், மனந்திரும்பிவிட்டு மறுபடி வழுவியவன் என்று முத்திரை குத்துவார்கள். அதற்குத் தண்டனை நெருப்பு. அப்புறம் எவன் துணிந்து மறுப்பான்?

துணிந்தவர்களும் இருந்தார்கள். 1310 மே 12-ஆம் தேதி பாரிசுக்கு வெளியே அப்படிப்பட்ட டெம்ப்ளர்கள் 54 பேரை உயிரோடு எரித்தார்கள். மறுநாளே போப்பின் விசாரணைக் குழு முன் வந்த ஒரு டெம்ப்ளர் வீரர், அவர்களை வண்டிகளில் கொண்டுபோனதைப் பார்த்ததாகவும், கேட்டால் ஆண்டவரைக் கொன்றதே நான்தான் என்றுகூட ஒப்புக்கொள்வேன் என்றும் சொன்னார். வாசிக்கிறபோதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

உறுப்பு சிதையக் கூடாது என்ற வரம்பு என்ன ஆனது? பெர்னார் என்ற துறவியின் பாதங்களை நெருப்பில் காட்டியதில் குதிகால் எலும்புகள் கழன்று விழுந்தன. இரண்டு எலும்புகளையும் அதே குழுவின் முன் கொண்டுவந்து காட்டினார். அதை எழுத்தர் பதிவு செய்திருக்கிறார்.

கதிர்: வேரையும் பார்க்க வேண்டும். குற்றவாளியா என்று கடவுளே காட்டுவார் என நம்பிச் செய்த நெருப்பு, நீர்ச் சோதனைகளில் குருமார் பங்கேற்பதை 1215-இல் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடு தடுத்துவிட்டது. பிறகு பெருங்குற்றத்தை நிரூபிக்க இரண்டு சாட்சி, இல்லையேல் ஒப்புதல். மனசுக்குள் இருக்கும் நம்பிக்கைக்கு யார் சாட்சி சொல்வது? சித்திரவதை மத மன்றங்களின் கண்டுபிடிப்பும் அல்ல. வெரோனா நகரச் சட்டத்தில் 1228-லேயே உண்டு.

மாலதி: சித்திரவதை செய்யாத இடங்களில் அதே குற்றச்சாட்டுக்கு என்ன பதில் வந்தது?

ஏட்டுப்புழு: இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 1309-இல் விசாரணையாளர்கள் வெறும் கேள்வியோடு தொடங்கினார்கள். உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. போப் ஐந்தாம் கிளமெண்ட் மன்னர் இரண்டாம் எட்வர்டை நெருக்கினார், சித்திரவதைக்கு அனுமதி வாங்கினார். 1311 ஜூனில் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். சைப்ரஸில் விசாரிக்கப்பட்டவர்களோ கடைசிவரை மறுத்தார்கள். அங்கே டெம்ப்ளர் அல்லாத சாட்சிகள்கூட அவர்களுக்கு ஆதரவாகவே பேசினார்கள்.