மறு: ‘அபார்ட்டிவ்’ என்பதற்கு ‘தாக்குமுறி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கொத்துத் தலைவலி (கிளஸ்டர் ஹெட்டேக்) பற்றிய கையேட்டுக்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். தொடங்கிவிட்ட வலித் தாக்கை (அட்டாக்) இடையிலேயே நிறுத்தும் சிகிச்சையை ஆங்கிலத்தில் ‘அபார்ட்டிவ்’ என்கிறார்கள். அதற்கு நான் முன்வைப்பது ‘தாக்குமுறி’.

நம் மருத்துவ நண்பர் நேற்றைய மடலில் கேட்டது:

> ‘அபார்ட்டிவ் ட்ரீட்மென்ட்’ என்பதற்கு ‘வலிநிவாரணம்’ என்றே போட்டுவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

போடக்கூடாது என்பது என் கட்சி. கொத்துத் தலைவலிக்காரர் கையில் ‘வலிநிவாரணம்’ என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால் நேரே பாராசிட்டமால் வாங்கத்தான் போவார். இந்த வலிக்கு அது எடுபடாது. ஒரு பக்கக் கண்ணைச் சுற்றியும் பொட்டிலும் கிளம்பி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். கண் சிவந்து நீர் கொட்டும், மூக்கு அடைக்கும். மைக்ரேன்காரர் இருட்டறை தேடிப் படுப்பார். இவருக்கு உட்காரவே முடியாது, நடந்துகொண்டே இருப்பார். ஒரு தாக்கு 15 நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை போகும். ஒரு நாளில் எட்டு முறைகூட வரும். விழுங்கிய மாத்திரை வேலை தொடங்குவதற்குள் பல தாக்குகள் தாமே முடிந்துவிடும். அதனால்தான் சுமாட்ரிப்டானைத் தோலுக்கடியில் 6 மில்லிகிராம் ஊசியாகப் போடுகிறார்கள். சோல்மிட்ரிப்டானை மூக்கில் அடித்துக்கொள்ளலாம். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் ஆகாது.

அவர்களுக்கும் கைகொடுப்பது ஆக்சிஜன். அதை யாரும் வலிநிவாரணி என்று சொல்வதில்லை. ஆனால் 2009இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஆக்சிஜன் கொடுத்தபோது 78 சதவீதத் தாக்குகளில் 15 நிமிடத்துக்குள் வலி போயிருந்தது, அல்லது போதுமான அளவு குறைந்திருந்தது. வெறும் காற்றைக் கொடுத்தபோது 20 சதவீதம்தான்.

ஆக, ஊசி, தெளிப்பு, வாயு மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். தொடங்கிவிட்ட தாக்கைப் பாதியிலேயே ஒடிப்பது என்ற பொருள் அதில் இருக்க வேண்டும். அடுத்த தாக்கு வராமல் பார்ப்பது வேறு வேலை. அதற்கு ஈசிஜி பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் வெராபமில் இருக்கிறது. அந்த வகைக்கு ‘முன்காப்பு மருந்து’ என்று போன வாரமே ஒத்துக்கொண்டோம்.

நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நோயாளிக் கையேட்டின் அந்தப் பத்தியை ஒரு சோதனைக்காக எந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். ‘அபார்ட்டிவ்’ என்பதை அபார்ஷன் என்று எடுத்துக்கொண்டு ‘தலைவலிக்கான கருக்கலைப்பு சிகிச்சை’ என்று தந்தது. சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் நாம் சொல் தராவிட்டால் அதுதான் நாளைக்கு எங்காவது அச்சாகும்.

இதுவரை வந்தவற்றில் ‘தணிப்பு’ வலி குறைந்தாலே போதும் என்று சொல்லிவிடுகிறது. ‘நிறுத்தம்’ என்றால் எனக்குப் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. ‘முறி’ என்ற வேர் எனக்குப் பிடிக்கிறது. சுக்குக் கசாயம் சளியை முறிக்கும், எலுமிச்சை பித்தத்தை முறிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வது தானே. நச்சுமுறி என்ற சொல்லும் இருக்கிறது. அந்த வரிசையில் தாக்குமுறி. ‘வலிமுறி’ இன்னும் இனிமையாக இருக்கிறது, ஆனால் அது மறுபடியும் பாராசிட்டமால் கடைக்கே கொண்டுபோய் விடும்.

‘கொத்து’ பற்றியும் ஒரு வார்த்தை. கோழி கொத்துவது மாதிரி வலிப்பதால் இந்தப் பெயர் என்று ஒருவர் என்னிடம் விளக்கினார். வாரக்கணக்கில் கொத்துக்கொத்தாக வந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காணாமல் போவதால்தான் அந்தப் பெயர். ஆனாலும் புழங்கிவிட்ட சொல்லை அசைக்க வேண்டாம்.

யாழ்ப்பாண நண்பர் ‘ஒட்சிசன்’ என்கிறார், இங்கே ‘உயிர்வளி’க்குக் கொடி பிடிப்பவர்கள் உண்டு. கையேட்டில் ஆக்சிஜன் என்றே விடப்போகிறேன். மூச்சு முட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்த சொல் அது. ‘நான்-ரீபிரீதர்’ முகமூடிக்கு வந்த ‘மீள்மூச்சிலி’யைப் படித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. ‘பை வைத்த முகமூடி’ என்றால் செவிலியர் சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுவார். விட்ட மூச்சு பைக்குள் திரும்பாமல் வால்வு தடுக்கும் என்பதைப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதினால் போதும். அளவைத்தான் தடித்த எழுத்தில் போட வேண்டும்: நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், 15 முதல் 20 நிமிடம். கோவிட் சமயத்தில் வாங்கி மூலையில் வைத்திருக்கும், நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் மட்டும் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இதற்குப் போதாது, உருளைதான் வேண்டும். உருளை பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது என்பதும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். இந்த நோய்க்காரர்களில் புகைப்பவர்கள் அதிகம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. தாக்குமுறியை அவசரத்தில் ‘தாக்கும் உறி’ என்று பிரித்துப் படிக்க இடம் இருக்கிறதென்று என் மனைவி சொல்கிறாள். ‘தாக்குமுறிப்பு’ என்று நீட்டினால் உறி கழன்றுவிடும், ஆனால் சொல் கனத்துவிடுகிறது. சிகிச்சைக்குத் தாக்குமுறிப்பு, மருந்துக்குத் தாக்குமுறி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.