கித்துல்கலவில் கயாக் ஓட்ட ஆலோசனை தேவை

வணக்கம். அட்டனைச் சேர்ந்த நானும் என் தம்பியும், அமைதியான நீரில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறுபடகு) ஓட்டிப் பழகியவர்கள், அனுபவமுள்ள ஒருவரின் துணையுடன் கித்துல்கலவில் களனி கங்கையின் வேகநீரில் இறங்க எண்ணியுள்ளோம். பொல்பிட்டிய, பிரோட்லண்ட்ஸ் நீர்மின் நிலையங்கள் வெளியேற்றும் நீரைப் பொறுத்து, மழையில்லாத நாளிலும் ஆற்றின் மட்டம் உயரக்கூடும் என்பதே என் பெருங்கவலை. புறப்படும் காலையில் அவ்விபரத்தை யாரிடம் கேட்டறியலாம்?

கவிழ்ந்தவர் எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் சிக்கிவிடும் என்பதையும், கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதையும் தம்பிக்கு வலியுறுத்திச் சொல்லியிருக்கிறேன். ஆனால், விழுந்த மரங்கள் ஆளைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் எவை, எறிகயிற்றுடன் கரையில் ஒருவர் எங்கே நிற்க வேண்டும் என்பவற்றை அந்த ஆற்றை அறிந்தவர்களே கூற முடியும். தென்மேல் பருவமழை ஓய்ந்த பின்னரே இறங்குவோம். பொருத்தமான தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அங்கு வாடகைக்குக் கிடைக்குமா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.