108 மருத்துவ உதவியாளர் வேலை: தேர்வில் என்ன கேட்பார்கள்?

அம்பை வாசி: அண்ணாச்சிமாரே, தம்பி பிஎஸ்சி விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறான். 108 ஆம்புலன்ஸுக்கு மருத்துவ உதவியாளர் எடுக்கிறார்களாமே, நர்சிங் படித்தால்தான் சேர்ப்பார்களா? நீட் மாதிரி ஏதும் உண்டா?

பாளை அண்ணாச்சி: நீட்டெல்லாம் கிடையாது. பிஎஸ்சி நர்சிங், ஜிஎன்எம், ஏஎன்எம் மாதிரி நர்சிங் படிப்புகள், டிஎம்எல்டி என்கிற ஆய்வகப் பட்டயப் படிப்பு மட்டுமில்லை, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். வயது வழக்கமாக 19 முதல் 30. முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் உடற்கூறு, முதலுதவி பற்றி நேரில் கேள்வி, கடைசியில் மனிதவள நேர்காணல், தேறினால் 50 நாள் பயிற்சி. ஒரிஜினல் சான்றிதழ் முக்கியம், ஜெராக்ஸோடு போய் முழிக்க வேண்டாம்.

தென்காசிக்காரி: நேரில் கேட்கும்போதுதான் பலர் திணறுவார்கள். இதயம் நின்றுபோன பெரியவர்களுக்கு நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 தடவை மூச்சு ஊதுவது, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், 5 செ.மீ.க்குக் குறையாத ஆழம், இதை ஒப்பித்தால் மட்டும் போதாது, கையை எங்கே வைப்பாய் என்றால் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியைச் சட்டென்று தொட்டுக் காட்டத் தெரிய வேண்டும்.

அம்பை வாசி: சரிக்கா. ஆனால் அவனுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும்.

பாளை அண்ணாச்சி: அதை முதலில் சொல்ல வேண்டாமா வே! பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவு வாசலில் ஒரு ராத்திரி நிற்கட்டும், அப்புறம் விண்ணப்பத்தைப் பார்ப்போம்.