வன்னியில நெல்லு குறையிறது உரத்தாலயா, வயல் மட்டமில்லாததாலயா?

குளக்கட்டு:
காலபோகம் (மாரிமழையோட செய்யிற நெற்செய்கை) முடிய ஒவ்வொரு முறையும் "உரம் காணாது" எண்டுதான் கதை. எனக்கு உடன்பாடில்லை. காஞ்ச மண்ணை உழுது விதைக்கிற புழுதி விதைப்பில வயல் மட்டமில்லாட்டி பள்ளத்தில முளை அழுகும், மேட்டில நெற்சப்பி, கோரை எண்ட களையள் எழும்பும். களையை அமத்தவெண்டு, ஏக்கருக்கு 2 புசல் விதைநெல்லு போதுமான இடத்தில 3, 4 புசல் எறியினம். நெருங்கின பயிர் மெலிஞ்சு, கதிர் சிறுத்து, மார்கழி மழைக்குச் சாயுது. அதுக்கு யூரியா என்ன செய்யும்?

செம்மண்:
2021ஐ மறந்திட்டியளோ அண்ணை? மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டினது. நவம்பரில தடையை எடுக்கேக்க விதைப்பு முடிஞ்சு போச்சு. அந்தக் காலபோகம் நாடு முழுக்க விளைச்சல் விழுந்தது. வயல்மட்டம் அதே மட்டம்தான். மாறினது உரம்.

குளக்கட்டு:
தழைச்சத்து (நைதரசன்) வேணும், அதில வாதமில்லை. போடுற விதத்தைச் சொல்லுறன். யூரியாவில 46 வீதம் தழைச்சத்து. ஈரமண்ணுக்கு மேல எறிஞ்சு வெயிலில விட்டால் அமோனியாவாப் பறக்கும். நிறைஞ்ச தண்ணியில எறிஞ்சால் அடுத்த மழைக்கு வரம்பு வழிய ஓடும். தண்ணியை வடிச்சு, சேறா இருக்கேக்க போட்டு, பிறகு மெல்லத் தண்ணி கட்டவேணும். 3 மாத நெல்லெண்டால் 2ஆம், 4ஆம், 6ஆம், 7ஆம் கிழமையெண்டு பிரிச்சுப் போடவேணும். மேடும் பள்ளமுமான வயலில இதைச் செய்யவே ஏலாது. களைநாசினியும் அப்பிடித்தான்: அடிச்சு 2, 3 நாளுக்குள்ள தண்ணி கட்டாட்டி களை திரும்ப முளைக்கும்.

செம்மண்:
இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணியில செய்யிறவைக்கு இது சரி. ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்தில மழையை மட்டும் நம்பிச் செய்யிற மானாவாரிக்காரர் எந்த மதகைத் திறக்கிறது? மழை பெய்து மண் நனைஞ்ச நேரம் உரம் கையில இருக்கவேணும். குடலைப் பருவம் (கதிர் தண்டுக்குள்ள இருக்கிற பருவம்) தாண்டி வந்த உரமூட்டையால ஒரு பிரயோசனமுமில்லை.

பசுந்தாள்:
வைக்கோலை ரெண்டு பேரும் விட்டிட்டியள். பயிர் எடுத்த பொட்டாசியத்தில பெரும்பங்கு வைக்கோலிலதான் கிடக்கு. வெட்டுமெசின் கொட்டின வரிசையிலயே கொளுத்தினால் தழைச்சத்து புகையோட போகும். பொட்டாசியம் சாம்பலில மிஞ்சினாலும் அந்த வரிசையிலதான் குவியும், இடைவெளி வெறுமையாக் கிடக்கும். பரவி விட்டு உழுங்கோ.

குளக்கட்டு:
அது நியாயம். ஆனா தம்பி செம்மண், மானாவாரிக்குத்தான் மட்டம் இன்னும் முக்கியம். திறக்க மதகில்லாதபடியால் விழுற மழையை வரம்புக்குள்ள பிடிக்கவேணும். சரிவான பெரிய துண்டைக் குறுக்கு வரம்பு போட்டு ரெண்டாக்கினால் ஒவ்வொண்டும் தனித்தனிய மட்டமாகும்.

செம்மண்:
குறுக்கு வரம்பு போட்டால் வெட்டுமெசின் திரும்ப இடம் காணாது, மூலையெல்லாம் கையால அரியவேணும். மாசியில அதுக்கு ஆள் எங்க பிடிக்கிறது அண்ணை?