கொய்யா ஜெல்லி செய்முறை வகுப்பு: யோசனை சொல்லுங்கள்

மேல்நிலை வகுப்புக்கு மனையியல் எடுக்கும் ஆசிரியர்களே, ஒரு உதவி வேண்டும்.

கொய்யா ஜெல்லி ஒரு குழுவுக்கு உறைகிறது, பக்கத்துக் குழுவுக்குப் பாகாகவே நிற்கிறது. அளவு ஒன்றுதான்: 1 கிலோ பழம், மூழ்கும்வரை தண்ணீர், 2 கிராம் சிட்ரிக் அமிலம், 30 நிமிட வேக்காடு, பிறகு மெல்லிய துணியில் வடிகட்டல். துணியைப் பிழிவதில்லை, பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். கண்ணாடிபோல் தெளிந்து நிற்பதுதானே அதன் அழகு!

சந்தேகம் பழத்தின் மேல்தான். கனிந்து குழைந்ததில் பெக்டின் (ஜெல்லியை உறைய வைக்கும் பழச்சத்து) குறைவு. அதனால் ஒரு கரண்டி சாற்றில் இரண்டு கரண்டி மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுப் பார்க்கச் சொல்கிறோம். ஒரே கட்டியாகத் திரண்டால் சாற்றுக்குச் சமமாகச் சர்க்கரை; இரண்டு மூன்றாக உடைந்தால் முக்கால் பங்கு. (சோதித்த சாற்றை வாயில் வைக்கவே கூடாது, விஷம்.)

ஸ்பிரிட் இல்லாமல் பிள்ளைகள் நம்பிச் செய்யக்கூடிய சோதனை உண்டா? பீரியட் 45 நிமிடம்தான். முதல் நாளே வடித்த சாற்றை ஃபிரிட்ஜ் இல்லாத பள்ளியில் எப்படி வைக்கிறீர்கள்? தெர்மாமீட்டரும் ஒன்றே ஒன்று. ஜெல்லி இறக்கும் பதமான 105 டிகிரி செல்சியஸை மற்ற குழுக்கள் எதை வைத்துக் கணிக்கட்டும்? கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் தகடாக விழும் பதத்தைக் காட்டுகிறோம், ஆனால் அடுப்பை அணைப்பதற்குள் அது தாண்டிப் பிசினாகிவிடுகிறது.