ஒரு துறை இன்னொரு துறைக்கு நம் விவரத்தைக் கொடுக்கலாமா?

அண்ணாச்சிமாரே, சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் எங்கள் சித்தியின் முதியோர் உதவித்தொகை மனு தள்ளுபடி. ரேஷன் கார்டில் மகன் பெயர் இருப்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்தார்களாம். அவன் கல்யாணமாகித் திருப்பூரில் தனிக்குடித்தனம். பெயரை நீக்காமல் கிடந்தது, அவ்வளவுதான்.

பொய் மனுவைத் தடுக்கச் சரிபார்க்கட்டும், அதில் சண்டையில்லை. ஆனால் பழைய விவரம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்டால் பதிலே இல்லை.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7வது பிரிவு, உதவித்தொகை போன்றவற்றுக்காக அரசு தன்னிடம் உள்ள விவரத்தைச் சில நிபந்தனைகளோடு பயன்படுத்த இடம் தருகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி வழக்குத் தீர்ப்போ அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்கிறது. சரி, திருத்தச் சொல்லி யாரிடம் கேட்பது? தகவல் உரிமை மனுவில் கேள்வியை எப்படி எழுதுவது? மாதிரி இருந்தால் போடுங்கள், ஆதார் எண்ணை மறைத்துவிட்டு.