பி.எஸ்சி. முதல் வருடம்: பார்ட் ஒன் மொழி, அலைடு, என்.எம்.இ. எதை வைத்து முடிவு செய்வது?

குடுவை_250மிலி கேட்டது:

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவம் நிரப்பித் தரச் சொல்கிறார்கள். அதில் நான்கு கட்டங்கள்: பார்ட் ஒன் மொழி (தமிழ், இந்தி, பிரெஞ்சு), அலைடு என்கிற துணைப்பாடம் (கணிதம் அல்லது விலங்கியல்), நான்-மேஜர் எலெக்டிவ் (என்.எம்.இ., நம் துறைக்கு வெளியே எடுக்கும் பாடம்), பார்ட் ஃபைவ் (என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி).

பத்தாவது வரை தமிழ், பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பிரெஞ்சு. பயோ-மேத்ஸ் குரூப். கணிதத்தில் 100-க்கு 52 தான். என்.எம்.இ.-யில் இதழியல் இருக்கிறது, அதை எடுக்க ஆசை. பிரெஞ்சு, விலங்கியல், இதழியல், என்.எஸ்.எஸ். என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? எம்.எஸ்சி. படிக்கிற எண்ணம் உண்டு.

ஒழுங்குமுறை எழுதியது:

படிவத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டங்கள் தனித்தனியாகத் தெரிந்தாலும், முதல் கட்டத்தில் எழுதுவது மூன்றாவது கட்டத்தைப் பூட்டிவிடும்.

என்.எம்.இ. வருவது பார்ட் ஃபோரில். பல்கலைக்கழக விதிப்படி அந்த இடத்துக்கு மூன்று வழிதான். பன்னிரண்டாவது வரை தமிழ் படிக்காதவர் பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுத்தால், அங்கே அடிப்படைத் தமிழ், இரண்டு தாள். அதன் தரம் ஆறாம் வகுப்பு அளவு. பன்னிரண்டாவது வரை தமிழ் படித்துவிட்டு இங்கே வேறு மொழிக்குப் போனால் சிறப்புத் தமிழ், அதுவும் இரண்டு தாள். இந்த இரண்டிலும் வராதவருக்குத்தான் என்.எம்.இ.

ஆக, பிரெஞ்சு எடுத்தால் இதழியல் கிடையாது. பத்தாவது வரை தமிழ் படித்திருப்பதால் உங்களை அடிப்படைத் தமிழில் போடுவார்களா சிறப்புத் தமிழிலா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் அடிப்படைத் தமிழ். ஆனால் சில கல்லூரிகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பிரிக்கின்றன. இரண்டு மதிப்பெண் பட்டியலின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

இதழியல்தான் வேண்டும் என்றால் பார்ட் ஒன்னில் தமிழ்.

தராசுத்தட்டு எழுதியது:

மொழியை விட அலைடில் நிதானம் தேவை. காரணம், அலைடு முக்கியப் பாடத்தோடு பார்ட் த்ரீயில் சேரும். அரசுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. சேரும்போது பார்ப்பது பார்ட் த்ரீ மதிப்பெண்ணைத்தான். பிரெஞ்சில் 95 வாங்கினாலும் அது அந்தக் கணக்குக்கு உதவாது.

52 என்பதற்காகக் கணிதத்தை ஒதுக்காதீர்கள். வேதியியலுக்கான அலைடு கணிதம் பிளஸ் டூ கணிதம் போல அகலமானது அல்ல. முதல் தாளில் தொடர்களின் கூட்டல், அணிகள், கோணவியல் விரிவுகள், n-ஆம் வகைக்கெழு. அடுத்ததில் தொகையீடு, ஃபூரியர் தொடர், லாப்லாஸ் உருமாற்றம், வெக்டர். கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து நேர்மாறு அணி காண்பது, லைப்னிட்ஸ் சூத்திரம் போன்றவை அடிக்கடி வரும் கணக்குகள். படிகளை மாற்றாமல் பழகினால் போதும்.

தேர்வு 75, இன்டர்னல் 25. 75-இல் 30 வராவிட்டால் இன்டர்னல் எவ்வளவு இருந்தாலும் அரியர்தான். கணிதத்தில் அரியர் விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: வகைக்கெழு, தொகையீட்டுச் சூத்திரங்களை மறந்துவிட்டு நேராக மாதிரிக் கணக்கைப் பார்ப்பது. முதல் மூன்று வாரம் தினம் பத்துக் கணக்கு, வெறும் வகையிடல், தொகையிடல் மட்டும் போடுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

விலங்கியல் சுலபம் என்று நினைப்பவர்கள் செய்முறையை மறந்துவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு, படம், ஸ்பாட்டர் (வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்வது). உங்களுக்கு ஏற்கெனவே வேதியியல் லேப் இருக்கிறது, ரெக்கார்டு இரண்டாகும். கணிதத்துக்கு லேப் இல்லை.

கணிதம் எங்கே தேவைப்படும் என்று பார்த்தால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்திலேயே வகைக்கெழுச் சமன்பாடு, அணி, வெக்டர், அடிப்படைப் புள்ளியியல் எல்லாம் இருக்கிறது. எம்.எஸ்சி.-யில் குவாண்டம் வேதியியலும் குரூப் தியரியும் வரும்போது அணி தெரியாதவர் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். உயிர்வேதியியல் எம்.எஸ்சி., மருந்து ஆய்வகம் என்று போக நினைத்தால் மட்டும் விலங்கியல். அங்கே அது கைகொடுக்கும்.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

தராசுத்தட்டு சொல்வது சரி, ஆனால் பிரெஞ்சை அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம். வகுப்புச் சுமையை யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஏற்கெனவே படித்தவருக்கு முதல் செமஸ்டர் பிரெஞ்சு கிட்டத்தட்ட மறுபடிப்பு. தமிழ்த் தாளில் செய்யுள், இலக்கிய வரலாறு, உரைநடை, இலக்கணம் என்று வரும். பிளஸ் ஒன்னிலேயே தமிழை விட்டவருக்கு, பாட்டைப் பொருளோடு எழுதும் பழக்கம் போயிருக்கும். அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுக்கலாமே. பார்ட் ஒன் எம்.எஸ்சி. கணக்கில் வராது என்றால், குறைந்த உழைப்பில் தேறும் மொழியை எடுப்பதுதானே முறை?

ஒழுங்குமுறை:

நியாயம்தான். ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: டி.என்.பி.எஸ்.சி. யோசனை கொஞ்சமாவது இருந்தால் தமிழ் பக்கம் எடை கூடும். குரூப் 4-இல் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த எண்ணம் இல்லையென்றால் பிரெஞ்சு + கணிதம் என்ற ஜோடியில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குடுவை_250மிலி:

டி.என்.பி.எஸ்.சி. எண்ணம் இல்லை. கணிதம் என்று முடிவு செய்துவிட்டேன். பிரெஞ்சு எடுத்தால் இதழியல் போய்விடுமே என்பதுதான் வருத்தம். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்று ஆன்லைன் பாடங்கள் சொல்கிறார்களே, அதில் ஈடுகட்ட முடியுமா?

ஒழுங்குமுறை:

கற்றுக்கொள்ள முடியும். கிரெடிட்டாக மாறுமா என்பது வேறு கேள்வி. பதிவது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். என்.பி.டி.இ.எல். கணக்குப்படி 4 வாரப் பாடம் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். மதிப்பெண்ணில் அசைன்மென்ட் 25, நேரில் போய் எழுதும் தேர்வு 75. அசைன்மென்டில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 அசைன்மென்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே இரண்டு வாரம் தவறினாலும் பயமில்லை.

கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்காமல் படித்து முடித்துவிட்டு, கிரெடிட் கொடுங்கள் என்று போய் நின்றால் பெரும்பாலும் நடக்காது. முதல் செமஸ்டரில் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அணிகளும் ரெக்கார்டும் போதும்.

அணிவகுப்பு எழுதியது:

பார்ட் ஃபைவை யாரும் தொடவில்லை. என்.எஸ்.எஸ். என்றால் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இதை முதலிரண்டு வருடத்திலேயே முடித்துவிடலாம், மூன்றாம் வருடம் கை காலி.

என்.சி.சி.-யை வேறு மாதிரி யோசிக்கணும். 'பி' சான்றிதழுக்கு இரண்டு வருடம், 'சி'-க்கு மூன்றாவது வருடமும் வேண்டும். முதல் வருடத் தொடக்கத்தில் நடக்கும் ஆள் சேர்ப்பைத் தவறவிட்டால் 'சி' கைக்கு எட்டாது. அணிவகுப்பில் 75 சதவீத வருகை கேட்பார்கள். ராணுவ அதிகாரி வேலைக்கு என்.சி.சி. சிறப்பு நுழைவு வேண்டும் என்றால் மட்டும் எடுங்கள், வெறும் ஒரு கிரெடிட்டுக்காக அதிகாலையில் மைதானத்தில் நிற்பது வீண். வேதியியல் மாணவருக்கு இன்னொரு சங்கடம்: முகாம் பத்து நாள் ஓடும், அந்த வாரம் லேப் இருந்தால் டைட்ரேஷன் விட்டுப்போகும். ஆன்-டூட்டி வருகைப்பதிவைக் காப்பாற்றும், விட்ட பரிசோதனையைத் திருப்பிச் செய்து தராது. லேப் ஆசிரியரிடம் முன்பே சொல்லி, இன்னொரு பேட்ச் செய்யும் நாளில் சேர்ந்து செய்யணும்.

தராசுத்தட்டு:

கடைசியாக ஒன்று. படிவத்தைக் கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு விண்ணப்பம் வரும்போது பாடக்குறியீட்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பில் அடிப்படைத் தமிழ் படித்துக்கொண்டிருப்பவருக்கு விண்ணப்பத்தில் என்.எம்.இ. குறியீடு விழுந்தால் ஹால் டிக்கெட்டிலும் அதுதான் அச்சாகும். கட்டணம் கட்டுவதற்கு முன்பு துறை அலுவலகத்திலேயே மாற்றிவிடலாம். ஹால் டிக்கெட் வந்த பிறகு என்றால் பல்கலைக்கழகம் வரை அலைய வேண்டியிருக்கும்.

குடுவை_250மிலி:

நாளைக்கே இரண்டு மதிப்பெண் பட்டியலோடு அலுவலகம் போகிறேன். பிரெஞ்சு, கணிதம், என்.எஸ்.எஸ். மூன்றாவது கட்டத்தை அவர்கள் சொன்ன பிறகு நிரப்புகிறேன்.